எத்தனாலில் ஓடும் டர்போ காருக்கு எத்தனை சி.சி. இன்ஜெக்டர்?

டர்போ காரை இ85-க்கு மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது இன்ஜெக்டர் அளவைத்தான். "ஆயிரம் சி.சி. போடுங்க, போதும்" என்று யாராவது சொல்லியும் விடுவார்கள். அந்தப் பதில் பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் ஏன் ஆயிரம் என்று தெரியாமல் வாங்கினால், காரில் அடுத்த மாற்றம் எதைச் செய்தாலும் மறுபடி இன்னொருவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும். கணக்கு கடினமானதல்ல. பள்ளிக்கூடப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதலில் ஓர் எல்லை. இந்த அத்தியாயம் இன்டேக் மேனிஃபோல்டில் எரிபொருளைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்களுக்கு மட்டுமே. டி.எஸ்.ஐ., டி-ஜி.டி.ஐ. என்று பின்புறம் எழுதியிருக்கும் கார்களில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் மிக உயர்ந்த அழுத்தத்தில் பாய்கிறது. அங்கே முதலில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் ஹை பிரஷர் பம்ப்தான். அது வேறு கதை. இங்கே உள்ள எண்களை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

எத்தனால் ஏன் அதிகம் குடிக்கிறது?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். சுத்தமான எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 85 சதவீத எத்தனாலும் 15 சதவீத பெட்ரோலும் கலந்த இ85-க்கு ஏறக்குறைய 9.8 கிலோ. எத்தனால் மூலக்கூறு தனக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால்தான் இந்த வித்தியாசம். டர்போ தள்ளும் காற்று அதேதான் என்றால், அதே லாம்ப்டாவுக்கு (முழுமையாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு காற்று இருக்கிறது என்ற கணக்கு; 1-க்குக் கீழே போனால் எரிபொருள் மிகுதி) இ85 எடையில் 50 சதவீதம் அதிகம் வேண்டும். எத்தனால் பெட்ரோலைவிடச் சற்றுக் கனமானது. லிட்டருக்கு இ85 சுமார் 780 கிராம், பெட்ரோல் சுமார் 745 கிராம். ஆகவே கன அளவில் பார்த்தால் கூடுதல் தேவை 43 சதவீதம்.

அப்படியானால் சிலர் 30 சதவீதம் போதும் என்கிறார்களே? அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. பெட்ரோலில் ஓடும் டர்போ இன்ஜினுக்கு முழு பூஸ்டில் நாக்கிங் வராமலிருக்க லாம்ப்டா 0.78 அளவுக்கு எரிபொருளை அள்ளி ஊற்றுகிறோம். அதில் ஒரு பங்கு எரிவதற்காக அல்ல, குளிர்விப்பதற்காக. எத்தனாலுக்கு அந்தச் சலுகை தேவையில்லை. ஆவியாகும்போது அது பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சும், ஆக்டேனும் உயர்வு. லாம்ப்டா 0.82, 0.84 என்று வைத்து, இக்னிஷன் டைமிங்கையும் முன்னே தள்ளலாம். அதே காற்றிலிருந்து கூடுதல் குதிரைத்திறன் கிடைக்கிறது. காற்றை வைத்து ஒப்பிடுபவர் 43 என்பார், குதிரைத்திறனை வைத்து ஒப்பிடுபவர் 30 முதல் 35 என்பார். இன்ஜெக்டர் வாங்கும் வேலைக்கு 35 முதல் 40 வரை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ஓர் உண்மையான காரில் கணக்கு

அமெரிக்காவில் விற்பனையான மிட்சுபிஷி லான்சர் எவொல்யூஷன் 9-ஐ எடுத்துக்கொள்வோம். சோளம் விளையும் அந்நாட்டின் மத்திய மாநிலங்களில் இ85 விற்கும் பெட்ரோல் பங்குகள் பெருகியபோது முதலில் அதற்கு மாறிய டர்போ கார்களில் இவோவும் ஒன்று. 2 லிட்டர் 4ஜி63 இன்ஜின், ஃபேக்டரி கணக்கில் 286 குதிரைத்திறன், ஃபேக்டரி இன்ஜெக்டர் 560 சி.சி. அதாவது 3 பார் அழுத்தத்தில் ஊசி மூடாமல் திறந்தே இருந்தால் நிமிடத்துக்கு 560 சி.சி. பாயும்.

டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் எரிபொருள் எடுக்கும். 286 குதிரைத்திறனுக்கு 77 கிலோ. லிட்டரில் சொன்னால் மணிக்கு 104. நிமிடத்துக்கு 1,730 சி.சி. நான்கு இன்ஜெக்டருக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 432 சி.சி. இது 560-ல் 77 சதவீதம். மிட்சுபிஷி பொறியாளர்கள் இன்ஜெக்டரின் முழு அளவில் சுமார் கால் பங்கை இருப்பாக விட்டுத்தான் அளவு எடுத்திருக்கிறார்கள். நம் கணக்கு நம்பத்தக்கது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அதே 560 சி.சி. இன்ஜெக்டரில் இ85 ஊற்றினால்? இ85-க்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு 385 கிராம் என்று வையுங்கள். 85 சதவீத டியூட்டி சைக்கிளில், அதாவது கிடைக்கும் நேரத்தில் 85 சதவீதம் ஊசி திறந்திருக்கும்போது, நான்கும் சேர்ந்து தருவது மணிக்கு 114 லிட்டர், எடையில் 89 கிலோ. அது தாங்குவது சுமார் 230 குதிரைத்திறன். கார் ஷோரூமிலிருந்து வந்தபோது தந்த திறனைக்கூட இந்த இன்ஜெக்டரால் இ85-ல் தர முடியாது. "பூஸ்ட் கூட்டப்போவதில்லை, ஆகவே இன்ஜெக்டர் மாற்ற வேண்டாம்" என்று நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

இப்போது இலக்கை 400 குதிரைத்திறன் என்று வைப்போம். 400-ஐ 385-ஆல் பெருக்கினால் 154 கிலோ. லிட்டருக்கு 780 கிராம் என்ற கணக்கில் மணிக்கு 197 லிட்டர். நிமிடத்துக்கு 3,290 சி.சி. நான்கால் வகுத்தால் 823. டியூட்டி சைக்கிள் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் அதை 0.85-ஆல் வகுத்தால் 968 சி.சி.

காற்றுப் பக்கமிருந்தும் ஒருமுறை சரிபார்க்கலாம். நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று தோராயமாக 22 குதிரைத்திறன் தரும். 400-க்கு 18.2 கிலோ காற்று. லாம்ப்டா 0.80-ல் இ85-க்குக் காற்று விகிதம் 7.8. ஆக நிமிடத்துக்கு 2.33 கிலோ, அதாவது 3,000 சி.சி.க்குச் சற்றுக் குறைவு. இன்ஜெக்டர் ஒன்றுக்கு 880 சி.சி. வருகிறது. ஒரு வழி 880 என்கிறது, மற்றது 970 என்கிறது. சந்தையில் கிடைக்கும் 1,000 அல்லது 1,050 சி.சி. இன்ஜெக்டர் இரண்டுக்கும் இடம் விட்டு உட்காருகிறது. "ஆயிரம் போடுங்க" என்பதன் பின்னணி இதுதான்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன குதிரைத்திறன் எல்லாம் ஃப்ளைவீலில் அளப்பது. டைனோவில் ஏற்றி வாங்கும் எண் சக்கரத்தில் அளப்பது. நான்கு சக்கர இழுவை கொண்ட இவோவில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியல்களும் தின்றது போக மீதிதான் சக்கரத்துக்கு வரும். "சக்கரத்தில் 400" என்று கனவு காண்பவருக்கு ஃப்ளைவீலில் 480 பக்கம் வேண்டும். அப்போது மேலே வந்த 968 என்பது 1,160 ஆகிவிடும். அவர் வாங்க வேண்டியது 1,300 சி.சி.

85 சதவீதம் என்ற வரம்பு ஏன்?

7,500 ஆர்.பி.எம்.-ல் கிராங்க் இரண்டு சுற்று சுற்ற 16 மில்லி வினாடி ஆகிறது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கிடைக்கும் மொத்த நேரம் அவ்வளவுதான். அதில் 85 சதவீதம் என்பது 13.6 மில்லி வினாடி. மீதி இரண்டரை மில்லி வினாடியில் ஊசி மூடி, மறுபடி திறக்கத் தயாராக வேண்டும். இன்னும் நெருக்கினால் ஊசி முழுதாக மூடாமலே அடுத்த கட்டளை வந்துவிடும். அதற்குப்பின் இ.சி.யூ. கேட்பது ஒன்று, இன்ஜெக்டர் தருவது வேறொன்று. முழு பூஸ்டில் கலவை லீன் ஆனால் பிஸ்டன் பொறுத்திருக்காது. குளிர்ந்த இரவுக் காற்றில் டர்போ கூடுதலாக மூச்சிழுக்கும் நாளுக்கும் சேர்த்துத்தான் இந்த 15 சதவீத இருப்பு.

அழுத்தமும் பம்பும்

இன்ஜெக்டரின் சி.சி. அளவு அழுத்தத்தைச் சேர்த்துச் சொன்னால்தான் பொருள்படும். அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் பாய்ச்சல் கூடும். 3 பாரில் 850 சி.சி. தருவது 4 பாரில் 980 தரும். இதைத் திருப்பியும் பாருங்கள்: 4 பாரில் அளந்து 1,050 என்று முத்திரை குத்தியது 3 பாரில் 910 மட்டுமே. இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடும் முன் எந்த அழுத்தத்தில் அளந்தார்கள் என்று பார்ப்பது முதல் வேலை.

பிரஷர் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்யூம் ஹோஸ் போகிறதா என்று பாருங்கள். போனால் பூஸ்ட் ஏற ஏற ரெயில் அழுத்தமும் அதே அளவு ஏறும். இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கிடையே எப்போதும் 3 பார் வித்தியாசம் நிற்கும். ரிட்டர்ன் லைன் இல்லாத, மாறாத அழுத்தம் கொண்ட அமைப்பில் நிலைமை வேறு. ரெயிலில் 3 பார், மேனிஃபோல்டில் 1.5 பார் பூஸ்ட் என்றால் தள்ளுவதற்கு மீதி 1.5 பார்தான். உங்கள் 1,000 சி.சி. இன்ஜெக்டர் தேவை உச்சத்தில் இருக்கும் அந்த நொடியில் 710 சி.சி.தான் தரும். இந்த அமைப்பை வைத்துக்கொண்டு இன்ஜெக்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைவிட, மேனிஃபோல்டோடு இணைந்த ரெகுலேட்டரைப் போடுவதுதான் நேர்வழி.

பம்ப் கணக்கு இன்ஜெக்டர் கணக்கிலேயே இருக்கிறது. 400 குதிரைத்திறனுக்கு மணிக்கு 197 லிட்டர் என்றோம். பெட்டியில் 255 லிட்டர் என்று எழுதிய பம்ப் போதும் போலத் தெரியும். அந்த 255 குறைந்த அழுத்தத்தில் அளந்தது. அடிப்படை 3 பாரோடு 1.6 பார் பூஸ்ட் சேர்ந்தால் பம்ப் 4.6 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அங்கே அதன் ஓட்டம் கணிசமாக விழுகிறது. பழைய ஒயரிங்கில் பம்புக்கு வந்து சேரும் வோல்டேஜ் 12-க்கு இறங்கினால் இன்னும் விழும். பம்ப் நிறுவனம் தரும் அழுத்தம்–ஓட்ட வரைபடத்தில் உங்கள் உச்ச அழுத்தத்துக்கு நேரே தேவையைவிட 20 சதவீதம் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனாலுக்கு உகந்தது என்று நிறுவனமே எழுதித் தந்திருக்கவும் வேண்டும். பம்பை மாற்றாமல் இன்ஜெக்டரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பேட்டரியிலிருந்து பம்புக்குத் தனி ரிலேயும் தடித்த ஒயரும் இழுப்பது செலவு குறைந்த, பலன் அதிகமான வேலை.

பெரியது போட்டால் ஐடிலில் திணறுமா?

இன்ஜெக்டர் பற்றிய பழைய பயம் இதுதான். இதில் பாதி உண்மை, பாதி நேற்றைய நிலைமை. எண்களோடு பார்ப்போம்.

2 லிட்டர் இன்ஜின் 800 ஆர்.பி.எம். ஐடிலில் மணிக்குச் சுமார் 1 லிட்டர் பெட்ரோல் எடுக்கும். இ85 என்றால் 1.4 லிட்டர். நிமிடத்துக்கு 1,600 தெளிப்புகள். ஒரு தெளிப்புக்கு 0.0146 சி.சி.; ஒரு துளிகூட இல்லை. 1,000 சி.சி. இன்ஜெக்டர் இதைக் கொடுக்க 0.87 மில்லி வினாடி திறந்திருந்தால் போதும். இதே இன்ஜெக்டரில் பெட்ரோல் ஓடினால் 0.62 தான். எத்தனால் அதிகம் குடிப்பது ஐடிலில் நமக்குச் சாதகமாகிறது: இ85-ல் 1,000 சி.சி. இன்ஜெக்டர், பெட்ரோலில் 700 சி.சி. இன்ஜெக்டர் நடந்துகொள்வதைப்போல் நடந்துகொள்ளும்.

ஆனால் மின்சாரம் வந்தவுடன் ஊசி திறந்துவிடாது. காயிலில் காந்தப்புலம் உருவாகி, ஸ்பிரிங்கையும் எரிபொருள் அழுத்தத்தையும் வென்று ஊசி எழ ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி ஆகும். டியூனர்கள் இதை டெட் டைம் என்பார்கள். இ.சி.யூ. இதைத் தேவையோடு கூட்டி 1.87 மில்லி வினாடி கட்டளை தருகிறது. இந்த டெட் டைமை 0.1 மில்லி வினாடி தவறாக எழுதினால் ஐடிலில் 11 சதவீத எரிபொருள் பிழை. அதே 0.1 பிழை, 13 மில்லி வினாடி திறந்திருக்கும் முழு பூஸ்டில் ஒரு சதவீதம்கூட வராது. அதனால்தான் டைனோவில் அழகாக ஓடிய கார் சிக்னலில் நின்று நின்று அணைகிறது.

டெட் டைம் ஒரே எண்ணும் அல்ல. வோல்டேஜ் குறைந்தால் கூடும். ரெயில் அழுத்தம் கூடினாலும் பொதுவாகக் கூடும். இரவில் ஹெட்லைட், ஏ.சி., ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடி 14 வோல்ட் 12.5-க்கு இறங்கும்போது கார் ஏப்பம் விடுகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது இ.சி.யூ.வில் உள்ள வோல்டேஜ் அட்டவணையை. இதற்கும் மேலே, மிகக் குறுகிய தெளிப்புகளில் இன்ஜெக்டரின் ஓட்டம் நேர்கோட்டில் போகாது. அந்தப் பகுதிக்குத் தனித் திருத்த அட்டவணை வேண்டும். 2,000 சி.சி. போட்டால் ஐடில் தெளிப்பு 0.44 மில்லி வினாடிக்குச் சுருங்கி இந்தக் கோணல் பகுதிக்குள் விழுந்துவிடும்.

சாலையில் ஓட்டும் காருக்கு இந்த அளவு தேவையில்லை. அதேசமயம், ஐடிலுக்குப் பயந்து 850-ல் நிறுத்தி, உச்சத்தில் 97 சதவீத டியூட்டியில் ஓட்டுவதும் மடமை. அட்டவணை சரியாக உள்ள 1,050 சி.சி. இன்ஜெக்டர், அட்டவணையே இல்லாத 750-ஐவிட அமைதியாக ஐடில் நிற்கும்.

பொருத்தும்போது

காயிலின் மின்தடையைப் பாருங்கள். இவோ 9-ல் வரும் ஃபேக்டரி இன்ஜெக்டர் லோ இம்பீடன்ஸ் வகை. அதனால் இன்ஜின் அறையில் ஒரு ரெசிஸ்டர் பேக் இருக்கும். புதிதாக வருபவை பெரும்பாலும் 12 ஓம் அளவிலான ஹை இம்பீடன்ஸ். அவற்றைப் போடும்போது ரெசிஸ்டர் பேக்கை பைபாஸ் செய்ய வேண்டும். மறந்தால் ஊசி சோம்பலாகத் திறக்கும். மாறாக, ஹை இம்பீடன்ஸுக்கென்று வடிவமைத்த இ.சி.யூ.வில் லோ இம்பீடன்ஸைச் சொருகினால் டிரைவர் சர்க்யூட் எரியும். உயரம், ஓ-ரிங் அளவு, கனெக்டர் வகை மூன்றும் காருக்கு ஒத்துவருவதாகப் பார்த்து வாங்கினால் ரெயிலை ஸ்பேசர் வைத்து ஒப்பேற்றும் வேலை மிச்சம்.

பங்கில் கிடைப்பது எது?

இ85 என்று பலகை இருந்தாலும் உள்ளே 85 இருக்கும் என்று உறுதியில்லை. அமெரிக்கத் தர விதிப்படி அந்தப் பெயரில் விற்கும் எரிபொருளில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை இருக்கலாம். குளிர்காலத்தில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டுமென்று எத்தனாலைக் குறைத்துக் கலக்குவார்கள். குளிர்கால எரிபொருளில் டியூன் செய்து, அதே மேப்போடு கோடையில் முழு பூஸ்ட் கொடுத்தால் கலவை லீன் ஆகும். இன்ஜெக்டரை எப்போதும் எத்தனால் மிக அதிகமாக இருக்கும் நாளுக்காகத் தேர்ந்தெடுங்கள். அன்றாட ஏற்ற இறக்கத்தை ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சாரிடம் விடுங்கள். எரிபொருள் லைனில் பொருத்தும் இந்தச் சென்சார் பரவலாகக் கிடைக்கிறது. எத்தனால் இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால் என்றால் 150 ஹெர்ட்ஸ் சிக்னல் தரும். இதைப் படிக்கத் தெரியாத இ.சி.யூ.வோடு எத்தனாலுக்கு மாறுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

இந்தியாவில் இ85 பங்கு என்று தேடினால் ஏமாற்றம்தான். 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் 5 மாநிலங்களில் 183 நிலையங்களில் 'எத்தனால் 100' விற்பனையைத் தொடங்கியது. அந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இது ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வாகனங்களுக்கானது. இ20-க்கு மட்டும் சான்று பெற்ற காரில் ஊற்றினால் வாரண்டியை மறந்துவிடலாம். பந்தயத் திடலுக்கென்று காரை இந்த எரிபொருளுக்கு மாற்றியமைப்பவர்கள், காற்று விகிதம் 9-ஐ நெருங்குவதால் மேலே இ85-க்கு வந்த அளவோடு இன்னும் 8 சதவீதம் கூட்ட வேண்டும். 968 என்பது 1,045 ஆகும். கலவையில் பெட்ரோலின் அளவு குறையக் குறைய குளிரில் ஸ்டார்ட் ஆவதும் கடினம்; சென்னையில் தெரியாது, ஊட்டியின் ஜனவரிக் காலையில் தெரியும். அங்கே கிராங்கிங் எரிபொருளைப் பல மடங்கு கூட்ட வேண்டியிருக்கும்.

பராமரிப்பு பற்றிச் சில வரிகள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் காரை நிறுத்தப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் ஒரு டேங்க் பெட்ரோல் ஓட்டி லைனைக் கழுவுங்கள். காகித ஃபில்டர் எத்தனாலில் நெடுநாள் தாங்காது. ஸ்டெயின்லெஸ் மெஷ் அல்லது மைக்ரோகிளாஸ் ஃபில்டர் போடுங்கள். இ85 ஓடும் இன்ஜெக்டர் நுனியில் சிலசமயம் பிசுபிசுப்பான கறுப்புப் படிவு சேரும்; ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி ஃப்ளோ டெஸ்ட் செய்து சுத்தம் செய்வது நல்லது.

கடைசியாக, கடையில். ஒரே அளவு என்று சொல்லி மூன்று விலைகளில் இன்ஜெக்டர் வைத்திருப்பார்கள். மலிவானது பெரும்பாலும் சிறிய இன்ஜெக்டரின் துளையைப் பெரிதாக்கியதாக இருக்கும். முழுதாகத் திறந்து அளந்தால் நான்கும் ஒன்றுபோல் பாயும். ஐடில் தெளிப்பில் நான்கும் நான்கு விதம். பணம் கொடுக்கும் முன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: எந்த அழுத்தத்தில் எத்தனை சி.சி. என்பது, வோல்டேஜும் அழுத்தமும் மாறும்போது டெட் டைம் எவ்வளவு என்ற அட்டவணை, குறுகிய தெளிப்புகளுக்கான திருத்த அட்டவணை. நான்கு இன்ஜெக்டர்களின் ஃப்ளோ டெஸ்ட் முடிவும் இருந்தால் இன்னும் நல்லது. இந்த மூன்றும் தராதவரிடம், அளவு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், விலை பாதியாக இருந்தாலும், வாங்காதீர்கள்.